சந்தியாகு வைத்த பாரம்

கடல் ஆடும், கடலில் கிடக்கிற படகு ஆடும், படகில் உட்கார்ந்த ஆளும் ஆடுவார், உலகம் உண்டான நாளிலிருந்து இதுதான் நடப்பு என்று பாசித்துறை ஓடாவி சந்தியாகு முப்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படகு கட்டுகிற தச்சருக்கு அந்தப் பக்கத்தில் ஓடாவி என்று பேர். கரையில் கிடந்த துடுப்புப் படகு அத்தனையும் அவர் கையால் பிறந்தவை; ஒவ்வொன்றும் ஒல்லியாக, நீளமாக, அடி உருண்டு, நாலு வலி வலித்தால் நாற்பது முழம் ஓடும். ஓடும்தான், யார் இல்லையென்றது? ஆனால் உள்ளே ஒருத்தர் தும்மினால் மற்றவர் எல்லாம் பக்கப்பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆண்கள் இன்ஜின் வைத்த படகுக்குப் போய் வெகுநாளாயிற்று. துடுப்புப் படகில் போய்க்கொண்டிருந்தது பெண்கள்தான். மூன்று மூன்று பேராகப் போய், ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து நண்டு வலை விட்டுவிட்டு வந்து, மறுநாள் காலையில் இழுப்பார்கள். வலை இழுக்கும்போது மூன்று பேரும் ஒரே பக்கமாகத்தான் குனிய வேண்டும், வேறு வழி கிடையாது. அவர்கள் குனிந்தால் படகும் கூடவே மரியாதையாகக் குனியும். சந்தியாகுவின் சொந்தப் பெண்டாட்டி செபமாலையே மாசி மாசத்தில் தலைகுப்புற விழுந்து, வயிறு முட்ட உப்புத்தண்ணி குடித்து, வலை போய், பிடித்த நண்டும் போய், ஊரே பார்க்கக் கரையேறி வந்து சொன்னாள்: "இனிமே உங்க கையால செஞ்ச படகுல கால் வச்சா என் பேரு செபமாலை இல்ல."

"ஒக்காரத் தெரியல ஒனக்கு. படகு என்ன செய்யும்?" என்றார் சந்தியாகு.

அந்த வாயை அவர் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

ஊரில் இன்னாசி என்று ஒரே ஒரு தையல்காரன் இருந்தான். கோயிலுக்கு எதிரே கடை. செபமாலையோடு வலைக்குப் போகிற அமலோற்பவம், நாலு ஊருக்குப் போதுமான வாய் உள்ளவள், ஒரு நாள் ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டுச் சும்மா போகாமல் கேட்டாள்: "ஏந்தம்பி, ஒடம்புக்குத் தக்கனதான ரவிக்க தைக்கிற? படகுக்கு மட்டும் ஏன் நாங்க ஒடம்ப வளைக்கணும்?" இன்னாசி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். அன்றைக்கு வாங்கிய துணி எதையும் அவன் வெட்டவில்லை.

அடுத்த நாள் அமலோற்பவம், செபமாலை, அவர்களோடு போகிற புஷ்பம் மூன்று பேரையும் கடைக்கு வரச்சொல்லி பெஞ்சில் உட்காரவைத்து, உட்கார்ந்தால் இடம் எவ்வளவு, கை நீட்டினால் துடுப்புப் பிடி எங்கே வரும், வலை இழுக்கக் குனிந்தால் தலையும் தோளும் பெஞ்சைத் தாண்டி எத்தனை அங்குலம் வெளியே போகிறது என்று டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டான். பிறகு சார்ட் அட்டையில் கையளவு படகுகளாக வெட்டி, ஊசிநூலால் தைத்து, மெழுகு பூசி, பேசின் தண்ணீரில் விட்டு, ஒரு பக்கமாக மூன்று சுண்ணாம்பு டப்பாவை வைத்து வைத்துப் பார்த்தான். ஒன்பது படகு கவிழ்ந்தது. பத்தாவது சாய்ந்து, யோசித்து, நின்றது.

சேதி சந்தியாகுவுக்கு வந்தது. வந்த வேகத்தில் வீட்டுக்கு நடந்தார்.

"ஒன் இடுப்ப அளந்தானாமே அவன்?"

"ரவிக்கைக்கு அளந்தப்ப சும்மாதான இருந்தீங்க?"

"அது ரவிக்க! இது படகு!"

செபமாலை அரிசி களைந்துகொண்டிருந்தவள், களைகிற கையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள் என்று அவர் நினைத்தார். அவளுக்கோ உள்ளுக்குள் என்னமோ இனித்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்தில் இந்த மனுசன் தனக்காக இப்படி மூச்சு வாங்கி அவள் பார்த்ததில்லை.

இன்னாசி பிளைவுட் பலகைகளை வாங்கிவந்து, ரவிக்கைத் துணி வெட்டுவதுபோலவே அட்டை மாதிரியை மேலே விரித்துக் கோடு போட்டு வெட்டினான். ஓரங்களில் துளை போட்டு, செப்புக் கம்பியால் பலகையையும் பலகையையும் சேர்த்துத் தைத்தான். தைக்கத் தைக்கத் தட்டையாகக் கிடந்த பலகை வளைந்து, வயிறு கொடுத்து, படகாக எழுந்தது. தையலுக்கு மேல் ஃபைபர் துணியை ஒட்டி, ரெசின் பூசி, கம்பியை உருவிவிட்டான். அடி தட்டை, இடுப்பு அகலம், பக்கங்கள் மேலே போகப் போக வெளிப்பக்கமாக விரிந்திருந்தன. சட்டை தைக்கிறவன் படகு தைக்கிறானாம் என்று சந்தியாகு டீக்கடையில் சிரித்துக் காட்டினார். கூடச் சிரிக்க ஆள் குறைவாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பூசை முடிந்து, பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்து, கண்ணூறு படாமல் இருக்க முனையில் கறுப்புக் கயிறு கட்டி, படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். நல்ல படகுதான், ஆனாலும் படகு படகுதானே, அலைக்குத் தக்க மெல்ல ஆடிக்கொண்டு நின்றது. சந்தியாகு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்; வலை காயப்போடுகிற கம்புகளுக்குப் பின்னால் நின்றார். பக்கப்பலகை வளைந்து போகிற அழகைப் பார்த்தார். முப்பது வருசத்தில் தன் உளி ஒரு தரம்கூட அப்படிப் போகவில்லை என்று பார்த்தார். செபமாலை இன்னாசியின் தோளைப் பிடித்துப் படகில் ஏறிச் சிரித்ததையும் பார்த்தார். அடிவயிற்றில் பற்றியது ஒரு தீ, பச்சை மிளகாயைக் கடித்து விழுங்கினதுபோல, தொண்டை வரைக்கும் எரிந்துகொண்டு வந்தது.

அந்த நேரத்தில் படகு ஆடுவதை நிறுத்தியது.

முன்னே போனது, பின்னே வந்தது, துடுப்புக்குச் சொன்னபடி கேட்டது, ஆட்டம் மட்டும் இல்லை. அலை வந்து அடியில் நுழைந்து அந்தப் பக்கமாகப் போயிற்று. படகு சிமெண்டுத் தரைபோல அசையாமல் இருந்தது. மூன்று பேரும் ஒரே பக்கமாகப் போய் நின்றார்கள், குதித்தார்கள், பக்கப்பலகை மேல் ஏறியே உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் கொண்டுபோன டீயை டம்ளரில் ஊற்றி விளிம்பில் வைத்தாள். டீ அலுங்கவில்லை.

"நல்லா நிக்குதுல்ல?" என்றாள் அமலோற்பவம்.

"நிக்குது" என்றாள் புஷ்பம். டீயைக் குடித்துவிட்டு வலைக்குப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து மரம் பார்க்க சந்தியாகு தொண்டிக்குப் போனார், இரண்டு நாள் தங்கினார், அந்த இரண்டு நாளும் படகு ஆடியது. திரும்பி வந்த அன்றைக்கு நின்றது. காய்ச்சலில் அவர் பிரக்ஞை இல்லாமல் கிடந்த ஒரு பொழுது ஆடியது. காய்ச்சல் விட்டுக் கண் திறந்து, அந்தப் பயல் படகு என்னவாயிற்று என்று நினைத்ததும் நின்றது. மூன்று பெண்களும் குழம்பில் உப்பு பார்ப்பதுபோல நாலைந்து நாள் பார்த்தார்கள். பிறகு அமலோற்பவம் மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்று அறிவித்தாள்: "இது ஓடாவி அண்ணன் வயித்தெரிச்சல்ல நிக்கிற படகு. தெரிஞ்சுக்கங்க."

ஊர் தெரிந்துகொண்டது. எப்படி, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாசித்துறைக்காரர்களுக்கு வேலைக்கு உதவாத கேள்வி பிடிக்காது. எத்தனை தூரத்துக்கு எரிச்சல் எட்டும் என்று கேட்டார்கள். பார்த்தார்கள்: நாலு கல் தொலைவுக்கு எட்டியது. கண்ணை மூடிக்கொண்டால்? துண்டால் அவர் கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள். கட்டினால் இன்னும் அதிகமாக எரிந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால்? கொஞ்சம் மந்தம்தான். ஆகவே பெண்கள் கரை திரும்புகிற வரைக்கும் அவருக்கு நீத்தண்ணி மாதிரி கஞ்சி போதும் என்று செபமாலையிடம் சொல்லிவிட்டார்கள். முனையில் கட்டிய கறுப்புக் கயிற்றை அறுத்து எறிந்தார்கள், கண்ணுக்கு எதற்குத் தடை என்று. கரையில் நாலு கம்பு நட்டு, ஓலை வேய்ந்து, நாற்காலி போட்டு, "வந்து ஒக்காருங்கண்ணே" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். படகின் அடியில் கல்லும் மணலும் போட்டு நிலைநிறுத்துகிற கனத்துக்கு அடிபாரம் என்று சொல்வது வழக்கம், தினமும் காலையில் புறப்படுகிற பெண்கள், "ஓடாவி பாரம் வச்சாச்சா?" என்று குரல் கொடுப்பார்கள், சந்தியாகு பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவார்.

ஏன் போய் உட்கார்ந்தார் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டும். அவரிடம் படகு கேட்டு ஒருத்தரும் வராமல் ஒரு வருசம் ஆகியிருந்தது. இப்போது தினமும் அழைத்தார்கள். அதுவும் போக, அந்தப் படகைப் பார்க்காமல் அவரால் இருக்கவும் முடியவில்லை. பார்த்தால் எரியும், எரிந்தால் இன்னும் பார்க்கச் சொல்லும். இந்தத் தையல்காரப் பயலுக்கு இது எங்கேயிருந்து தோன்றியது, எனக்கு ஏன் தோன்றவில்லை, நான் என்ன மண்ணாங்கட்டியா என்று உட்கார்ந்த இடத்திலேயே கருகிக்கொண்டிருந்தார். தன்னைப் பார்த்து இப்படி எவனாவது ஒருத்தன், ஒரே ஒரு நாள், எரிந்திருப்பானா என்றும் நினைத்துப் பார்த்தார். யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒரு முகம்கூட வரவில்லை.

தீ அணையாமல் பார்த்துக்கொள்வதைச் செபமாலை தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் கஞ்சியை ஊற்றிக்கொண்டே, "இன்னாசித் தம்பிக்கு என்ன கொரலுங்குறீங்க, நேத்து துடுப்பு செதுக்கிக்கிட்டே பாடுச்சு பாருங்க" என்பாள். அடுத்த நாள், "படகு ஏறையில கை குடுக்குது, என்ன பவ்யம்" என்பாள். புது ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் இரண்டு நடை நடப்பாள். ஊருக்காகத்தான் செய்கிறேன் என்று அமலோற்பவத்திடம் சொன்னாள். ஆனால் கடலில் வலை இழுக்கும்போது காலடியில் அசையாமல் கிடக்கிற பலகையை அவ்வப்போது பெருவிரலால் அழுத்திப் பார்த்துக்கொள்வாள், இது முழுக்க எனக்காக எரிகிற எரிச்சல் என்று நினைத்து முகம் சிவந்துபோவாள். அம்பது வயசுப் பொம்பளைக்கு அது வேண்டியிருந்தது.

பேர் பரவி, பக்கத்து ஊர்க்காரர்கள் ஆட்டோ கொண்டுவந்து தேங்காய் பழத்தோடு கூப்பிட்டார்கள், எங்கள் படகையும் ஒரு பார்வை பாருங்கள் என்று. போனார், பார்த்தார், ஒன்றும் எரியவில்லை. "முன்னப்பின்ன தெரியாத ஆளு மேல எப்புடிப்பா பொறாம வரும்?" என்று நியாயமாகத்தான் கேட்டார். தேங்காயைத் திருப்பிக் கொடுக்கப் போனார், அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கே தாங்கவில்லை. கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டு, சாமி, பொறாமையில் வேகிறேன், என்னைக் காப்பாற்றுங்கள் என்று அழுதார். சாமியும் பாவமன்னிப்புக் கொடுத்து அனுப்பினார். திங்கட்கிழமை படகு ஆடியது. மூன்று பெண்களும் நனைந்த சேலையோடு நேராகச் சாமி வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"சாமி, நண்டு சீசன் முடியிற வரைக்கும் ஓடாவிக்கு மன்னிப்புக் குடுக்காதீங்க."

"என்னம்மா பேசுறீங்க? மன்னிப்பைத் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"தள்ளி வைக்க வேணாம் சாமி. கொஞ்சம் கம்மியாக் குடுங்க" என்றாள் அமலோற்பவம்.

சாமி சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே போய்விட்டார். அதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. புதன்கிழமை காலையில் சந்தியாகு அந்தப் பக்கப்பலகை மேல் வெயில் விழுந்ததைப் பார்த்தார், பாவமன்னிப்பு எல்லாம் பாழாயிற்று.

இந்தக் கூத்தில் சந்தோசமில்லாத இன்னொரு ஆள் இருந்தான், அது இன்னாசி. ஒரு நாள் ஓலைப் பந்தலுக்கு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் குத்தவைத்தான்.

"அண்ணே, ஒரே ஒரு நாளு எரியாம இருங்கண்ணே. பத்துப் படகு வெட்டிப் பாத்துப் பண்ணினேன். அது தன்னால எப்புடி நிக்கும்னு நானே இன்னும் சரியாப் பாக்கல. ஊருல யாரக் கேட்டாலும் ஓடாவி நிப்பாட்டுறாருங்குறாங்க. என் பேச்சே இல்ல."

"எரியிறது என் கையிலயா இருக்கு? போடா" என்றார் சந்தியாகு. ஆனால் அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசு சரியில்லை.

ஐப்பசி பிறந்தது. கொண்டல் காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து வீசுகிற மாசம். ஒரு நாள் காலை, பெண்கள் வலையில் பாதியை இழுத்துக்கொண்டிருக்கும்போது, கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று வருவதற்கு முன்னாலேயே அலை வந்துவிட்டது. கரையிலிருந்து பார்க்கிற தூரத்தில்தான் படகு நின்றது, ஆணி அறைந்ததுபோல நின்றது, ஆட்டமே இல்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்த அலை இன்னும் உயரமாக வந்தது. வேறு படகாக இருந்தால் அலைக்கு வழிவிட்டுத் தூக்கிக் கொடுத்திருக்கும். இது விறைத்துக்கொண்டு நின்றதில், அலை நேராகப் பக்கப்பலகையைத் தாண்டி உள்ளே இறங்கியது. மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் இறைப்பது தெரிந்தது.

"இன்னும் நல்லா எரியுங்கண்ணே! விட்டுறாதீங்க!" என்று கத்தினார்கள். "அன்னைக்கு அவன் தோளப் புடிச்சுத்தான் ஏறுச்சு செபமாலை அக்கா, நெனச்சுப் பாருங்க!" என்று எடுத்துக் கொடுத்தான் ஒருத்தன்.

"அட பாவிகளா, வாய மூடுங்கடா!" சந்தியாகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஆடணும்டா அது! ஆடாத படகுல தண்ணி ஏறும்! மூணாவது அலையில உள்ள போயிரும்!"

அவர் ஓடாவி, அவருக்குத் தெரியும். ஆட்டத்தை நிறுத்திப் பிடித்திருப்பது தன் வயிறு என்றும் தெரியும். அணைக்கப் பார்த்தார். செபத்தைச் சொன்னார், வரிசை மறந்துபோயிற்று. செபமாலை முங்கிப்போவாளே என்று நினைத்தார். பயம் வந்தது, வந்த பயம் பொறாமைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது, அதை எழுப்பவில்லை. இன்னாசி தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"அந்தப் பக்கப்பலகைய எதுக்குடா மேல விரிச்சு வெட்டுன? சொல்லு!"

"என்னண்ணே இந்த நேரத்துல..."

"சொல்றா!"

"சாயச் சாய அகலமான பக்கம் தண்ணிக்குள்ள வரும்ணே. ஒரு சாண் சாயும். அதுக்கு மேல தண்ணியே தாங்கித் திருப்பித் தூக்கிரும்." அவன் அழுதுகொண்டே உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினான். "ஆடட்டும்னுதாண்ணே வெட்டுனேன். ஆடித் திரும்பட்டும்னு."

சந்தியாகு அந்தக் கையைப் பார்த்தார். முப்பது வருசமாகத் தான் உருட்டி உருட்டிச் செதுக்கிய அடி அத்தனையும் கண் முன்னால் வந்து போயிற்று. இவ்வளவுதானா, இத்தனை லேசா, இது இங்கேயே கிடந்திருக்கிறதே என்று இருந்தது. ஆடுகிற படகுதான் படகு என்று தான் வாயால் சொன்னதை இவன் பலகையால் சொல்லியிருக்கிறான்.

"நல்லா வெட்டியிருக்கடா இன்னாசி" என்றார். "எனக்குத் தோணல."

அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் வயிறு காலியாயிற்று.

படகு சடாரென்று ஆடியது. ஆறு மாசமாக ஆட்டம் மறந்துபோன மூன்று பெண்களும் ஒரே பக்கமாக உருண்டார்கள், கரையில் ஐயோ என்று சத்தம் எழுந்தது. படகு சாய்ந்தது, ஒரு சாண் சாய்ந்தது, அங்கே நின்றது, உள்ளே இருந்த தண்ணீரோடும் பெண்களோடும் மெல்லத் திரும்பி நிமிர்ந்தது. மூன்றாவது அலை அடியால் போயிற்று. நாலாவதும் போயிற்று. பிறகு துடுப்பு எழும்புவது தெரிந்தது.

கரையேறியதும் செபமாலை மணலில் உட்கார்ந்து இருமினாள். ஆட்டம் எப்படி வந்தது என்று அமலோற்பவம் கேட்க, இன்னாசி சந்தோசம் தாங்காமல் கொட்டிவிட்டான்: "அண்ணன் என் வெட்டு நல்லாருக்குன்னு சொன்னாருக்கா! அத ஒண்ணுதான் சொன்னாரு, ஒடனே விட்ருச்சு!"

ஊர் சிரித்தது. செபமாலை இருமலை நிறுத்தினாள்.

"அப்ப அம்புட்டு நாளும் எரிஞ்சது அந்தப் பலகைக்கா?" என்று புருசனைக் கேட்டாள்.

 சந்தியாகு ஒரு பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் அன்றைக்குத்தான் முதல்முதலாக உண்மை பேசிப் பழகியிருந்தார், ஆமென்று தலையாட்டிவிட்டார்.

"நான் என்னமோ எனக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் அவள். தலைமுடியைப் பிழிந்து முடிந்துகொண்டு, நண்டுக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாளிலிருந்து அவருக்கு இட்லி கிடைத்தது, சட்னி கிடைத்தது, வயிறு நிறையக் கிடைத்தது. குத்தல் பேச்சு ஒன்றும் கிடைக்கவில்லை. அதைக் கவனிக்க அவருக்கு நேரமும் இல்லை. அவரும் இன்னாசியும் சேர்ந்து புதுப் படகு ஒன்று போட்டிருந்தார்கள். அகலமும் விரிவும் இன்னாசியுடையது, நீளமும் ஓட்டமும் சந்தியாகுவுடையது. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. "இங்க பாரு செபமாலை, இந்த அப்பளம்தான் அடிப்பலகைன்னு வையி" என்பார். இருபத்தெட்டு வருசத்தில் அவர் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை, பேசியது அவ்வளவும் படகு. கண்ணில் வெளிச்சம், நடையில் துள்ளல், தூக்கத்தில்கூட விரலால் ஏதோ வளைவு போட்டுக்கொண்டிருந்தார். அவள் "ம்" என்பாள், அப்பளத்தை நொறுக்கிப் போட்டுவிட்டு எழுந்துபோவாள்.

தை மாசம் நல்ல நாள் பார்த்துத் தள்ளக் கூடினார்கள். எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். படகு நகரவில்லை. அடியில் போட்ட உருளைக் கட்டையைச் சரிபார்த்தார்கள், மணலைப் பறித்தார்கள், பதினாறு பேர் சேர்ந்து "ஏலேலோ" போட்டுத் தள்ளினார்கள். ஒரு நூல் அசையவில்லை. மேலே தொங்கிய மாலைகூடக் காற்றில் ஆடவில்லை. இந்த நிலை எந்த நிலை என்று பாசித்துறைக்குத் தெரியாதா? எல்லாரும் இன்னாசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ நான் இல்லண்ணே! இது என் படகுந்தான!" என்றான் அவன்.

சந்தியாகு தோளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கூட்டத்துக்கு அப்பால், வீட்டு வாசலில், கருவாட்டுப் பாயை உதறப்போனவள் உதறாமல் கையில் பிடித்தபடியே செபமாலை நின்றாள். அவரை அவள் பார்க்கவில்லை. படகைப் பார்த்தாள், அவர் இரண்டு மாசமாகத் தடவித் தடவி இழைத்த அந்தப் பக்கப்பலகையைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். அந்த முகத்தை அவருக்கு உள்ளிருந்தே தெரியும். தொண்டையில் எங்கே எரியும், அடிவயிற்றில் எங்கே பிடிக்கும் என்று இடம் சொல்லுவார். பாவம், ஆறு மாசமாகத் தான் பட்ட பாடு அது. இப்போது அவள் படுகிறாள், அதுவும் தனக்காக. ஆண்டவர் மன்னிக்கட்டும், சந்தியாகுவுக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்தது. மூக்கு விடைத்து, கண் நிறைந்து, பதினாறு பேருக்கு முன்னால் நின்று அழுதுவிடுவார்போல இருந்தது.

"அண்ணே, என்ன செய்ய? தள்ளவா?" என்று கேட்டான் இன்னாசி.

"வேணாம்டா, கெடக்கட்டும்" என்றார் சந்தியாகு, அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னைக்கு ஒரு நாளு கெடக்கட்டும்."